கத்திரிப்பூ பஸ்

என் புருஷன் வேங்கடேசனுக்கு ரயில் பைத்தியம். வேலையும் விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீஸில். திண்டிவனத்திலிருந்து காலையில் பாசஞ்சரில் போவார், சாயங்காலம் பாசஞ்சரில் திரும்புவார். வீட்டுக்கு வந்து கை கால் கழுவினால் மறுபடியும் ரயில்தான். பின்னறையில் பெரிய பலகை போட்டு, அதன்மேல் விழுப்புரம் ஜங்ஷனையே சின்னதாகச் செய்து வைத்திருந்தார். குடைக்கம்பியில் தண்டவாளம், பவுடர் டப்பாவில் இன்ஜின், அட்டையில் பெட்டிகள். பெட்டிகள் எல்லாம் ஒரே செங்கல் நிறம். குறை சொல்ல முடியாது, அந்தக் காலத்தில் நிஜ ரயிலும் அப்படித்தான் இருந்தது. கொக்குக்கு ஒன்றே மதி. அவருக்கு ஒரே பெயிண்ட் டப்பா.

ஒருநாள் லெவல் கிராஸிங்கில் நிற்க வைக்க வண்டிகள் வேண்டும் என்றார். நான் சோப்பு அட்டையை வெட்டி பஸ் செய்து கொடுத்தேன். என் பைத்தியம் அப்படித்தான் வெளியே வந்தது.

எனக்கு அம்மா வீடு முண்டியம்பாக்கம். மெயின் ரோட்டில் பஸ்ஸைப் பார்த்தே வளர்ந்தவள் நான். எங்கள் பக்கத்துப் பெண்கள் பஸ்ஸில் போர்டைப் படிப்பதில்லை, நிறத்தைப் படிப்பார்கள். பச்சைக் கோடு வந்தால் கை காட்டின இடத்தில் எல்லாம் நிற்கும். சிவப்பு மூக்கு வந்தால் விக்கிரவாண்டியை விட்டுத் திண்டிவனத்தில்தான் நிற்கும். நிறத்தைத் தப்பாகப் படித்தால் மல்லாட்டை மூட்டையோடு ரோட்டில் திரும்பி நடக்க வேண்டியதுதான். நிறம் எங்களுக்கு அலங்காரம் இல்லை, எழுத்து.

அந்த லைனில் ஓடின எல்லா பஸ்ஸையும் செய்து முடித்த பிறகு, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஒரு பஸ்ஸைச் செய்தேன். மேலே கத்திரிப்பூ நிறம், ஜன்னலுக்குக் கீழே சந்தன நிறம், நடுவில் மஞ்சள் கோடு. பின்சக்கரத்துக்கு மேலே வந்ததும் அந்தக் கோடு வளைந்து இறங்கும். எங்கள் அம்மா கத்திரிக் கொல்லையில் தண்ணீர் பாய்ச்சும்போது நான் வரப்பில் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பூவின் ஊதாவும், நடுவில் இருக்கும் மஞ்சளும்தான் இது. இதை நான் சொன்னது ஒரே ஒருவரிடம். கட்டினவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அப்பாண்டைராஜ் முதலாளியைத் திண்டிவனத்தில் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் மில்லும் ஒரு பஸ்ஸும் வைத்திருந்தார். இரண்டாவது பஸ் வாங்கி, இரண்டுக்கும் புது நிறம் அடிக்க யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. சின்ன ரயிலைப் பார்க்கலாம் என்று ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அன்று பார்த்து நான் அம்மா வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது என் புருஷன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அம்சா, உன் பஸ்ஸை மொதலாளி கையில எடுத்துப் பாத்தாரு. கீழ வைக்கவே மனசு வரல அவருக்கு. அதே கலரு நெஜ வண்டிக்கு அடிக்கப் போறாராம்!"

"நான் பண்ணதுன்னு சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பேனா?"

அன்றைக்கு நான் சோறு வடிக்கும்போது பாட்டுப் பாடினேன் என்று பக்கத்து வீட்டு முனியம்மாள் பிறகு சொன்னாள்.

பெரிய வண்டிக்கு அளவெடுத்து வரைந்து தரவேண்டும் என்றார்கள். பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, தரையில் குப்புறப் படுத்து வரைந்தேன். பெயிண்டர் விருத்தாசலத்தின் ஷெட்டுக்கு என் புருஷன்தான் கொண்டுபோவார். "அங்க ஒரே ஆம்பளைங்க, நீ வராத" என்றார். சரி என்றேன். பெயிண்டர் சொல்லி அனுப்பும் திருத்தங்களை இரவோடு இரவாகச் செய்து கொடுப்பேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊர் பஸ்களில் பின்பக்கம் கீழ் மூலையில், வேலை செய்தவர் பெயரைப் பொடி எழுத்தில் போடுவது வழக்கம். அங்கே 'அம்சவள்ளி' என்று ஒரு வரி. அவ்வளவுதான். பத்தாவதோடு படிப்பு நிறுத்தப்பட்டவள் நான். என் பெயர் கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெங்கும் அச்சானதில்லை. "போடச் சொல்லிட்டேன்" என்றார் அவர். முனியம்மாளிடம் பெருமையடித்தேன். தெருவுக்கே தெரிந்துபோனது.

பூஜை வெள்ளிக்கிழமை, எண்ணெய் மில் வாசலில். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முகப்பில் மாலை. சோப்பு அட்டை அளவில் என் உள்ளங்கையில் இருந்த பஸ், மில் கூரை உயரத்துக்கு நின்றது. கோடு நான் சொன்ன இடத்தில் வளைந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, முனியம்மாளையும் இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

'டிசைன்: வேங்கடேசன், திண்டிவனம்.'

முனியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. "உம் பேரு எங்கக்கா கீது?" என்று கேட்டாள்.

முன்பக்கம் என் புருஷனுக்கு மாலை போட்டார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "குடுத்து வச்சவங்கம்மா நீங்க. சாருக்கு இன்னா கை! சின்ன வயசுல அவங்க அம்மா கத்திரிக் கொல்லையில தண்ணி பாய்ச்சும்போது பாத்த கலராமே. சொல்லும்போது எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு" என்றார்.

என் மாமியார் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்து, ரயில்வே குவார்ட்டர்ஸில் செத்தவர். கத்திரிக்காயைக் கடையில் மட்டுமே பார்த்தவர். நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயரைத் திருடினதைக்கூட ஆத்திரம் தீரத் திட்டி ஆற்றியிருப்பேன். என் அம்மாவைத் திருடிவிட்டாரே!

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"பின்னாடி பொம்பள பேரு போட்டா செத்துப் போனவங்க நெனப்பா எழுதினதுன்னு நெனைப்பாங்க அம்சா. அபசகுனம். அதான்."

"கொல்லை? எங்கம்மா?"

"மொதலாளி கேட்டுக்கினே இருந்தாரு. வாயில வந்துட்ச்சி. இப்ப இன்னா ஆயிப்போச்சி? நீ வேற நான் வேறயா?"

"வேற இல்லன்னா எம்பேரையே போட்டிருக்கலாமே."

அவர் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குடைக்கம்பியின்மேல் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. கல் நெஞ்சு என்பார்களே, அன்றுதான் அதன் சத்தத்தைக் கேட்டேன்.

மறுநாள் பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு, அம்மா வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். முண்டியம்பாக்கம் வழியாக விழுப்புரம் போக முதலில் வந்து நின்றது அந்தக் கத்திரிப்பூ வண்டிதான். விட்டுவிட்டு அடுத்ததில் போயிருக்கலாம். கால் கேட்கவில்லை, ஏறிவிட்டேன். கண்டக்டர் தேவநாதன் என் காசைக் கையாலேயே தொடவில்லை.

"டிசைன் சார் சம்சாரத்துக்கு இந்த வண்டில டிக்கெட் கெடையாதுங்க. மொதலாளி ஆர்டரு."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கூடைக்காரி ஒருத்தி நகர்ந்து எனக்கு ஜன்னலோரம் விட்டாள். "உங்க ஊட்டுக்காரராம்மா இந்தக் கலரு போட்டது? நல்லா இருக்கணும் அந்த மகராசன். தூரத்துல வரும்போதே தெரியுது. எங்களுக்குப் பேஜாரே இல்ல" என்றாள்.

தூரத்திலேயே தெரியட்டும் என்று யாருக்காக நான் அந்த மஞ்சளைத் தேடிப் பிடித்தேனோ, அவளே சொல்கிறாள். அந்த வாழ்த்து என் காதோரமாகப் போய் அவர் தலையில் விழுகிறது.

"அவர் போடல. நான் போட்டேன்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கூடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தேவநாதனும் சிரித்தான். கெட்டவன் இல்லை, மரியாதையாகத்தான் சிரித்தான். "அம்மா தமாஷ் பண்றாங்க" என்று டிரைவரிடம் சொன்னான். டிரைவரும் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கூட்டேரிப்பட்டில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். "முண்டியம்பாக்கம் இன்னும் தூரங்க!" என்று தேவநாதன் கத்தினான். நான் திரும்பவில்லை. பஸ் கிளம்பி, புளியமர நிழலைத் தாண்டி வெயிலுக்குள் போனது. அப்போதுதான் பார்த்தேன். ஊதாவும் சந்தனமும் மஞ்சளும், கண் எட்டும் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தன. அவ்வளவு அழகாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.