ஒரு பிரச்சினையும் இல்லை

வடிவம்மாவுக்குக் கச்சான் கடலைத் தோட்டத்தில் கை ஓடவில்லை. புல்லைப் பிடுங்கப் போய் நல்ல செடியையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டாள். இடுப்பில் சொருகியிருந்த போன் அடிக்காமலே அடிப்பது போல இருந்தது. அவுஸ்திரேலியாவில் மகன் விதுசனின் வழக்குக்கு இன்று தீர்ப்பு.

"தடவித் தடவி அந்தப் போன் தேயப்போகுது," என்றாள் பக்கத்து வரிசையில் குந்தியிருந்த அயல்வீட்டு மீனம்மா.

வடிவம்மா கையை எடுத்துப் புல்லில் வைத்தாள். மகன் படகேறிப் போய்ப் பல வருசம். போன பிறகும் அவனைத் தேடி மோட்டார் சைக்கிளில் புலனாய்வுக்காரர் இருவர் ஒட்டுசுட்டான் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. அவர்கள் என்ன கேட்டாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: "ஒரு பிரச்சினையும் இல்லை ஐயா." ஆமிக்காரன் கேட்டாலும், நிவாரணம் பதிய வந்தவர்கள் கேட்டாலும் அதே பதில். வாய் அப்படிப் பழகிவிட்டது.

அந்த வாய்தான் கெடுத்தது. ஒருநாள் தெரியாத நம்பரிலிருந்து ஒரு தமிழ்க் குரல். மகனின் அகதி விண்ணப்பத்தை விசாரிக்கும் சபைக்காகக் கேட்கிறாராம். மகனைத் தேடி யாராவது வருகிறார்களா? மோட்டார் சைக்கிள்காரர்தான் வேறு வழியாக நூல் விட்டுப் பார்க்கிறார்கள் என்று வடிவம்மா நினைத்தாள். "ஒருத்தரும் வாறேல்லை ஐயா. ஒரு பிரச்சினையும் இல்லை." பெற்ற தாயே ஆபத்தில்லை என்கிறாள் என்று எழுதிச் சபையினர் பாதுகாப்பு விசாவை மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பை எதிர்த்துத்தான் விதுசன் நீதிமன்றம் போயிருந்தான்.

வெயில் ஏறும் நேரம் போன் அடித்தது.

"அம்மா, வழக்கில வெண்டிட்டம்."

"விசா தந்திட்டாங்களோ?"

"இல்லையம்மா. கோட்டுக்கு விசா தர ஏலாது. நான் சொன்னது மெய்யோ பொய்யோ எண்டும் பாக்காது. சபை சட்டப்படி மறுத்ததோ எண்டு மட்டும்தான் பாக்கும். நீங்கள் சொன்னதை எனக்குக் காட்டி, என்ர பதிலைக் கேக்காமல் முடிவெடுத்தது பிழையாம். திரும்ப விசாரிக்கச் சொல்லியிருக்கு."

"அப்ப இன்னும் முடியேல்லை."

"இல்லை. உங்களிட்டயும் திரும்பக் கேப்பினம்."

"ஆரெண்டு நான் எப்பிடி நம்பிறது? எங்கட வெள்ளாட்டின்ர பேரை முதல் சொல்லச் சொல்லு. சொன்னா எல்லாம் சொல்லுவன்."

அவன் சிரித்தான். அவள் வெகுகாலம் கேட்காத சிரிப்பு.

"அவைக்கு ஆட்டின்ர பேரும் நான் படிப்பிக்கோணுமோ? நான் பக்கத்தில இருப்பன். என்ர குரலைக் கேட்டிட்டுச் சொல்லுங்கோ. ஆனா சொல்லோணும் அம்மா."

போனை வைத்த பிறகும் இருப்புக் கொள்ளவில்லை. அவன் குரலே கேட்டாலும் வாய் வருமா? புல்லைப் பிடுங்கியபடி அந்தக் கேள்விக்கான மெய்யான பதிலை மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"வாறவங்கள்."

புல்லை இன்னும் வேகமாகப் பிடுங்கினாள்.

"ஆரோட கதைக்கிறாய்?" மீனம்மா தலையைத் தூக்கினாள்.

"ஒண்டுமில்லை. ஒரு பிரச்சினையும் இல்லை."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. கையிலிருந்த புல்லை எறிந்தாள்.

"வாறவங்கள் மீனம்மா. போன கிழமையும் வந்தவங்கள். விதுசன் எங்கையெண்டு கேட்டவங்கள்."

மீனம்மா குனிந்தபடியே பிடுங்கினாள். "தெரியும். எங்கட வாசல் படலையைத் தாண்டித்தானே வாறவங்கள்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "ஆனா என்னட்டக் கேட்டா, நான் ஒருத்தரையும் காணேல்லை."

றோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. இருவரும் நிமிரவில்லை. சத்தம் அடங்கிய பிறகு வடிவம்மா மறுபடி "வாறவங்கள்" என்று சொல்லிப் பார்த்தாள். இந்த முறை கொஞ்சம் பலமாக.