கண்டக்டர் தலைக்கு மேலே

வீட்டுக்குள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கண்டக்டர். முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் நின்றே காலம் தள்ளிய மனிதர். ஓய்வு பெற்ற அன்றே கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதைத் தன் இடம் என்று ஆக்கிக்கொண்டார். விடியற்காலையில் அடித்த புயல், அந்த நாற்காலிக்கு நேர் மேலே இருந்த மூன்று தகரங்களைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கூரையில் ஒரு கட்டில் அகலத்துக்கு வானம் தெரிந்தது. அதற்காக இடத்தை விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

வீட்டிலிருந்த வாளி, குடம், பால் பாத்திரம் எல்லாம் தரைக்கு வந்துவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு குரலில் சொட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் நகந்து உக்காருங்களேன். அங்க ஒரு வாளி வைக்கணும்," என்றாள் அவர் மனைவி.

"வேற எங்கயாவது வை. இது என் இடம்."

"எனக்குத் தெரியும். மழைக்குத் தெரியலையே."

மகன் நனைந்த கோழி மாதிரி உள்ளே வந்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். கூரை போடுகிற ஆளைத் தேடிக் காலையிலிருந்து ஊரையே சுற்றிவிட்டு வந்திருந்தான்.

"பத்து நாள் ஆகுமாம்ப்பா. எல்லா வீட்டுலயும் இதே கதைதான். சாயங்காலம் இதைவிடப் பெரிய காத்து வருதுன்னு ரேடியோல சொல்றான். இந்த ஓட்டை வழியா காத்து உள்ள பூந்துச்சுன்னா மிச்சக் கூரையும் போயிடுமாம்."

"நீ ஏறிப் பாரேன்."

"ரெண்டாவது படியிலயே எனக்குத் தலை சுத்தும்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க ஏறுங்க."

"என் முட்டி எனக்கு எப்பவோ லீவு சொல்லிடுச்சு."

அடுக்களை வாசலில் வாளியோடு நின்றிருந்த மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, நான் ஏறிப் போட்டுடறேனே."

வாளிகள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். ஆணின் தலைக்கு மேலே பெண்ணின் கால் இருக்கக் கூடாது. கண்டக்டருக்கு அவர் அப்பா சொன்னது. அப்பாவுக்கு அவருடைய அப்பா. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் பெண்களாக இருந்ததால், கேட்பதற்கு யாரும் மிச்சமில்லாமல் போயிற்று. மாமியார் அந்த வீட்டுக்கு வந்த நாற்பது வருடத்தில் ஒரு ஸ்டூல்மேல்கூட ஏறியதில்லை. பரணிலிருந்து ஒரு சட்டி எடுக்க வேண்டுமென்றால் புருஷனோ மகனோ வீடு திரும்பும்வரை காத்திருப்பாள். சமையலும் காத்திருக்கும்.

மருமகளோ கூரை போடுகிறவரின் மகள். அப்பாவோடு ஆறு வருடம் கூரை கூரையாக ஏறித் தொழில் பழகியவள். கல்யாணம் பேசவந்த கண்டக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை. "ஏணியை மட்டும் அங்கயே விட்டுட்டு வரச் சொல்லுங்க," என்றார். அவள் ஏணியை விட்டுவிட்டு வந்தாள். சுத்தியலும் ஸ்பானரும் இருந்த பை மட்டும் புடவைகளுக்கு அடியில் ஒளிந்துகொண்டு கூடவே வந்தது.

வந்த முதல் நாள் காலையிலேயே அண்ணாந்து பார்த்தவளுக்கு மனசு பொறுக்கவில்லை. "மாமா, தகரத்தைத் தப்பா ஏத்தியிருக்காங்க. ஒண்ணுமேல ஒண்ணு படியிற விளிம்பு, காத்து வர்ற பக்கம் பாத்து வாயைத் திறந்துகிட்டு இருக்கு. பெருங்காத்து அடிச்சா தூக்கிடும். மாத்திப் போட்டுடலாமா?" என்று கேட்டாள்.

"அடுப்புல பால் பொங்குது, போய்ப் பாரும்மா," என்றார் கண்டக்டர். அன்றைக்கு அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பை மட்டும் கட்டிலுக்கு அடியில் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை அதை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பாள். மாமியார் அதைப் பார்த்திருக்கிறாள், பார்க்காதவள்போல இருந்திருக்கிறாள்.

இப்போது அந்த மாமியார்தான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, ஒரு சந்தேகம். நம்ம வழக்கம் என்ன சொல்லுது? பொம்பளை கூரைமேல ஏறக்கூடாதுன்னா, இல்ல ஆம்பளை தலைக்கு மேல பொம்பளை கால் இருக்கக் கூடாதுன்னா?"

வழக்கத்தைப் பற்றி யாராவது கேட்டால் கண்டக்டருக்கு உற்சாகம் வந்துவிடும். "தலைக்கு மேல கால் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்," என்றார் கறாராக.

"அப்ப தலையை எடுத்துக்கிட்டு வெளிய போங்க. டேய், நீயும் போடா."

கண்டக்டர் வழக்கத்தில் எங்கேயாவது பிடி கிடைக்குமா என்று தேடினார். கிடைக்கவில்லை. குடையோடு எழுந்தார்.

எதிர்வீட்டுப் பேக்கரிக்காரரிடமிருந்து ஏணி வந்தது. அப்பாவும் பிள்ளையும் தெருவுக்கு வந்து, தூறலில் ஒரே குடைக்குள் தோளோடு தோள் நின்றார்கள். வாசல் சாய்ப்புக்குக் கீழேயாவது நிற்கலாம் என்றான் மகன். "அதுவும் கூரைதான்," என்றார் கண்டக்டர். சொன்ன வாய் மூடுவதற்குள் ஒரு காற்று வந்து குடையை மல்லாக்கப் புரட்டிவிட்டுப் போயிற்று.

பேக்கரிக்காரர் தம் வாசலில் நின்றபடி விசாரித்தார். "என்ன கண்டக்டரே, பாதி வழியிலயே இறக்கி விட்டுட்டாங்களா?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குய்யா."

"சரி சரி. அது நனையாம பாத்துக்குங்க."

மருமகள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேலே போனாள். பறந்துபோன தகரங்களில் இரண்டு சாக்கடை ஓரம் கிடந்தன, ஒன்று பேக்கரிச் சுவரில் சாய்ந்து நின்றது. மகன் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுக்க, அவள் கயிறு போட்டு இழுத்துக்கொண்டாள். கோணல் மாணலாக மடங்கியிருந்ததைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினாள். ஓட்டையை மட்டும் மூடவில்லை. பக்கத்துத் தகரங்களையும் கழற்றி, காற்றுக்கு முதுகு காட்டும்படி மாற்றி ஏற்றினாள். நான்கு வருடமாக ஒவ்வொரு ராத்திரியும் மனசுக்குள் போட்டுப் பழகிய கூரை அது. கைக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"அத்தை, போல்ட் வேணும்," என்று மேலிருந்து குரல் வந்தது.

மாமியார் போல்ட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு ஏணியில் ஒரு படி ஏறினாள். கை எட்டவில்லை. இன்னொரு படி. அப்போதும் எட்டவில்லை. எட்டும் தூரம் வந்த பிறகும் அவள் நிற்கவில்லை என்பதை மருமகள் மட்டும் கவனித்தாள்.

"போல்ட் வரிசைமேலயே கால வைங்க அத்தை. அடியில சட்டம் இருக்கு, தாங்கும்."

"நான் தாங்குவேனாடி?"

"தாங்குவீங்க."

நாற்பது வருடம் கீழிருந்தே பார்த்த கூரையின் மறுபக்கத்தில் மாமியார் நின்றாள். தெரு முழுக்கத் தெரிந்தது. பேக்கரியின் புகைபோக்கி தெரிந்தது. பஸ் டிப்போவில் நனைந்துகொண்டு நின்ற பஸ்கள் சோப்புக்கட்டிகளைப் போல் தெரிந்தன. பிறகு தெருவில் நின்ற தன் புருஷனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, உங்க உச்சந்தலையில சொட்டை விழுந்திருக்கே, உங்களுக்குத் தெரியுமா?"

கண்டக்டரின் கை தலைக்குப் போயிற்று.

"வட்டமா இருக்கு. ஒரு சின்னத் தட்டு அளவுக்கு. இத்தனை வருஷமா எனக்குத் தெரியாம போச்சே."

"இறங்கு நீ முதல்ல."

"இறங்க முடியாதுங்க. போல்ட் எடுத்துக் கொடுக்கணும்."

பேக்கரிக்காரர் சிரிப்பை அடக்க இருமினார். மகனுக்கு அடக்கத் தெரியவில்லை.

சாயங்காலம் ரேடியோ சொன்ன காற்று சொன்னபடியே வந்தது. தெருக்கோடி மரத்தின் கிளை முறிந்தது. கூரை ஒருமுறை முனகியது, பிறகு அசையவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர், கடைசியில் கேட்டார்: "அப்ப, நீ சொன்னப்பவே மாத்தியிருந்தா..."

"அடுப்புல பால் பொங்குது மாமா, பாத்துட்டு வரேன்," என்றாள் மருமகள். அன்றைக்கு உண்மையிலேயே பொங்கியது.

மறுநாள் பேக்கரிக்காரர் கூரைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அடுத்து அவர் பக்கத்து வீடு. கண்டக்டர் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. பேக்கரிக்காரர் மட்டும் அவள் ஏறியபோது வெளியே வரவில்லை. "என் தலை அவ்வளவு ஒசத்தி இல்லப்பா, உள்ளயே இருக்கட்டும்," என்று மாவு பிசைந்துகொண்டிருந்தார். தெருவின் மற்ற ஆண்களுக்கு அப்படி விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. கண்டக்டர் தலைக்கு இருக்கிற மரியாதை தங்கள் தலைக்கு இல்லையா என்ன? அவள் ஏறும் வீட்டு ஆண்கள் ஒவ்வொரு நாளும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, வெயிலிலும் தூறலிலும் தங்கள் தலைகளைக் காவல் காத்தார்கள்.

புதிதாகப் போட்ட கூரையில் பத்து நாளைக்குப் பிறகு போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்க வேண்டும். பத்தாம் நாள் மத்தியானம் மாமியாரும் மருமகளும் மேலே போனார்கள். மாமியார் தானே ஸ்பானரைப் பிடித்தாள். மகன் கடைக்குப் போயிருந்தான். கண்டக்டர் வழக்கப்படி நாற்காலியும் ஒட்டுப்போட்ட குடையுமாகத் தெருவுக்குப் போனார்.

மேலே வேலை நடந்தது. வேலையைவிடப் பேச்சு அதிகம். எதற்கோ இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. பெரிய பெரிய துளியாக மழை தொடங்கியது.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

"பாதி வரிசை இருக்கு. மழை பலமாகறதுக்குள்ள முடிச்சிடுவோம்," என்றாள் மனைவி.

அவர் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார். அந்தக் கோடியைப் பார்த்தார். பேக்கரிக்காரர் அடுப்புப் பக்கம் போயிருந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, தன் இடத்தில் போட்டு உட்கார்ந்தார். தலைக்கு நேர் மேலே தகரத்தில் காலடிகள் வந்தன, நின்றன. நாற்காலிக் கால் தரையில் உரசிய சத்தம் மேலே கேட்டிருக்க வேண்டும்.

"உள்ள யாரு?" என்றாள் மனைவி.

கண்டக்டர் குடையை மடக்கிப் பக்கத்தில் வைத்தார். தோளில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"யாருமில்ல," என்றார்.

காலடிகள் அவர் தலைக்கு மேலே நிதானமாக நடந்து, அடுத்த போல்ட்டுக்குப் போயின.