கரண்டிமூக்கு உள்ளானுக்கு இரண்டு சாட்சி

காலை ஒன்பது மணிக்கு, கணுக்கால் புதையும் சேற்றில் நின்றுகொண்டு, என் வீட்டுக்காரர் பறவைகள் சங்கச் செயலாளரின் கண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வேண்டியது என்னவோ பறவையைத்தான். அதற்காகத்தான் ஆறு வருஷமாக, குளிர்காலம் பிறந்தால் போதும், இந்தக் கடலோரத்துக்கு இழுத்துவந்து என் உயிரை வாங்குகிறார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் தன்னந்தனியாக ஒரு கரண்டிமூக்கு உள்ளானைப் பார்த்தாராம். சேற்றில் இரை பொறுக்கும் பறவை, சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். அலகு நுனி மட்டும் சின்னக் கரண்டிபோலத் தட்டை. உலகத்திலேயே சில நூறுதான் மிச்சமாம். மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சங்கத்தில் சொன்னார். இரண்டு பேர் பார்த்தால்தான் பதிவேட்டில் உறுதியாகும் என்பது அங்கே சட்டம். செயலாளர் ‘சந்தேகம்’ என்று எழுதி, போதாததற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மனுஷனின் கண்ணையே சந்தேகப்பட்டால் எப்படி? அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். சோறு நன்றாகவே இறங்கியது, தூக்கம்தான் போயிற்று. நானும் சும்மா விடவில்லை. வீட்டில் சாவியைத் தேடினால், “கரண்டிமூக்கே கண்ணுல பட்டுச்சு, சாவி படலையாக்கும்?” என்பேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒருநாள் மட்டும் சிரித்து முடித்துவிட்டு, “நீயாவது நம்புறியா?” என்று கேட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

இந்த வருஷம் செயலாளரே துணைக்கு வந்தார். துணை என்ன துணை, இன்றும் தட்டுப்படாவிட்டால் அந்தப் பதிவை அடித்துவிடப்போவதாக வண்டியில் வரும்போதே சொல்லிவிட்டார். இவர் முகம் செத்துப்போயிற்று. விடிந்ததிலிருந்து தண்ணீர் வற்ற வற்றச் சேற்றில் பறவைகள் நூற்றுக்கணக்கில் இறங்கின. “அதோ!” என்பார் இவர். “சாதா உள்ளான் சார்” என்பார் அவர். கடைசியில் தொலைநோக்கியிலிருந்து தலையை எடுத்து, “கொஞ்சம் மங்கலா தெரியுது சார்” என்றார் செயலாளர்.

அவ்வளவுதான். இவருக்குள் இருந்த கடைக்காரர் விழித்துக்கொண்டார்.

“கண்ணாடியக் கழட்டுங்க. எந்தக் கடையில போட்டீங்க? கண்ணாடியா இது?”

“உங்க கடையிலதான் சார்.”

“அப்ப நீங்க அதுமேல உக்காந்திருக்கணும். எங்க, இடது கண்ண மூடுங்க. அந்தப் படகுல எழுதியிருக்கறதப் படிங்க.”

கடலில் நின்ற படகைச் செயலாளர் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. பொழுது போகவேண்டுமே என்று தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன்.

நூறடி தூரத்தில் ஒன்று குனிந்து சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தது. ஐயோ, கரண்டி! பொம்மைக்கு வாங்கிக் கொடுக்கிற கரண்டி மாதிரி, கறுப்பாக, அப்படியே. சந்தோஷமா என்றால் இல்லை. ஆறு வருஷம் அந்த மனுஷனை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்!

“என்னங்க” என்றேன் மெதுவாக.

“இரு, சார் கண்ணாடி காதுகிட்ட வளைஞ்சிருக்கு.”

சத்தம் போட்டால் பறந்துவிடும். கண்ணை எடுக்காமலே கையைப் பின்னால் நீட்டித் துழாவி, அகப்பட்ட சட்டையைப் பிடித்து இழுத்தேன். வந்து விழுந்தவர் செயலாளர். மரியாதையெல்லாம் பார்க்கிற நேரமா? பிடரியைப் பிடித்துத் தொலைநோக்கியில் அழுத்தினேன். கண்ணாடி இல்லாத வெறுங்கண்ணோடு, தெளிவாக்கும் திருகைத் திருப்பினார், திருப்பினார், நின்றார். வாய் மெல்லத் திறந்துகொண்டது.

“சார்... கரண்டி இருக்கு சார்.”

“ஓடியாங்க, பறந்துடப்போவுது!” என்று இவரைப் பிடித்துத் தள்ளினேன். இவர் நகரவில்லை.

“அவரு நல்லா பாக்கட்டும்.”

“நான் நம்பவே இல்லைங்க” என்றேன்.

“தெரியும்” என்றார்.

செயலாளர் இன்னும் குனிந்தபடியே இருந்தார். இவர் அவருடைய கண்ணாடியில் வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, மறுபடி ஊதித் துடைக்க ஆரம்பித்தார்.