தேனீயின் தப்படி

"அக்கா! கத்துது! ஓடி வா, கத்துது!"

ஈஸ்டர் முட்டைக்குச் சிவப்புச் சாயம் தோய்த்துக்கொண்டிருந்தவள், கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். கோயில் மேட்டில் என் தம்பி கிறிஸ்தாக், கிரேக்கத்திலிருந்து கொண்டுவந்த உலோகம் தேடும் கருவியோடு குதித்துக்கொண்டிருந்தான். முழங்கால் ஆழம் தோண்டினோம். வந்தது ஓர் இரும்பு முள். வானத்திலிருந்து எதிரி குதிப்பான், குதித்தால் குத்திக்கொண்டு சாகட்டும் என்று பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியில் திராட்சைத் தோட்டத்துக் கம்பங்களின் தலையிலெல்லாம் செருகவைத்த முள். எதிரி கடைசிவரை வரவே இல்லை.

"இதோட மூணாவது முள்ளு," என்றாள் பக்கத்து வீட்டுக் கலியோப்பி. "அந்தக் கருவிய வித்துட்டு ஒரு நாய் வாங்குடா. எலும்பையாவது தோண்டும்."

"சித்தி, நீங்க பேசாம ராக்கிச் சாராயத்த ஊத்துங்க."

நாங்கள் தேடியது கோயில் மணியை. கடவுளே கிடையாது என்று அரசாங்கம் அறிவித்த அறுபத்தேழாம் வருஷம், மணியை உருக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு என் அப்பா தனாஸ் அதைப் புதைத்துவிட்டார். யாரோ பார்த்து எழுதிக்கொடுத்தார்கள். அப்பாவுக்குப் பத்து வருஷம் சிறை. அடித்த அடியில் ஒரு காது போயிற்று, இடத்தை மட்டும் சொல்லவில்லை. திரும்பி வந்து எங்களிடமும் சொல்லவில்லை. "தெரியாத விஷயத்த உங்ககிட்டேருந்து யாரும் அடிச்சு வாங்க முடியாது" என்பார். ஆட்சி விழுவதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்தார். இடமும் அவரோடு போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் தலைநகர் திரானாவிலிருந்து தபால் வந்தது. ரகசியப் போலீஸ் அப்பாவைப் பற்றி வைத்திருந்த கோப்பின் நகல், இருபத்தாறு தாள். நாலாவது தாளில் காட்டிக்கொடுத்தவன் எழுதியிருந்தான்: "கோயில் வாசற்படியிலிருந்து ஊற்றை நோக்கி எழுபது தப்படி. அங்கிருந்து பெரிய பாறையைப் பார்த்துத் திரும்பி நாற்பது தப்படி. மறுநாள் நானே நடந்து எண்ணிப் பார்த்தேன்." கீழே கையெழுத்து: தேனீ. அவர்கள் கொடுத்த புனைபெயர் அது. சொந்தப் பேர் எந்தத் தாளிலும் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. அதே சமயம் எழுந்து நின்று ஆடலாம் போலவும் இருந்தது. அந்தப் பாவி எழுதிய கடிதம்தான் மணிக்கு இருக்கிற ஒரே வழிகாட்டி! இந்த ஈஸ்டருக்கு அப்பாவின் மணி அடித்தே ஆக வேண்டும் என்று தம்பியை உடனே வரச் சொன்னேன். அவன் வந்து சேர்ந்தபோது இன்னும் மூன்றே நாள்தான் இருந்தது.

அந்தக் கோப்பை முதலில் லிகோர் மாமாவுக்குத்தான் படித்துக் காட்டினேன். சொந்த மாமா இல்லை. அப்பா சிறையிலிருந்தபோது ஊரே எங்கள் வாசலை மிதிக்கப் பயந்தது. அவர் ஒருவர்தான் ஜன்னலில் சோள ரொட்டி வைத்துவிட்டுப் போவார். அப்பாவின் சவப்பெட்டிக்கும் அவர்தான் முதலில் தோள் கொடுத்தார். நான் படித்து முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான்.

இப்போது அவர் கோயில் மதிலில் உட்கார்ந்து நாங்கள் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்தாக் நடந்து அளந்தான், தோண்டினோம். நான் அளந்தேன், தோண்டினோம். கலியோப்பி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அளந்தாள். எண்ணிக்கையை நடுவில் விட்டுவிட்டு எங்களைத் திட்டினாள். மேடு முழுக்கக் குழியாயிற்று.

"அஞ்சாம் தாளப் பாருக்கா," என்றான் தம்பி. "போலீசே தோண்டியிருக்கான். 'தகவல் தந்தவரை நேரில் அழைத்து இடத்தை உறுதிசெய்தோம், தோண்டினோம், கிடைக்கவில்லை.' அவனுக்கே கிடைக்கல. விடு, கிரேக்கத்துல புதுசா ஒண்ணு வாங்கி அனுப்பறேன்."

"புதுசு யாருக்குடா வேணும்? அப்பா அடிபட்டது புதுசுக்கா?" கத்திவிட்டேன்.

லிகோர் மாமா மதிலிலிருந்து இறங்கினார்.

"நான் நடந்து பாக்கறேன்."

"அண்ணே, நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த ஈஸ்டர் வந்துடும்!" என்றாள் கலியோப்பி. எல்லோரும் சிரித்தோம். நானும்தான். சின்ன வயதுக் காய்ச்சலில் அவருக்கு இடது கால் சூம்பிப்போயிருந்தது.

வாசற்படியில் குதிகாலை ஒட்டி நின்று புறப்பட்டார். வலது கால் முன்னால் போகும், இடது கால் அதன் பாதி தூரம்வரை இழுபட்டு வரும். ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினார். தாள் என் கையில்தான் இருந்தது, அவர் அதைக் கேட்கவில்லை. எழுபதை எட்டியபோது, நாங்கள் எல்லோரும் தாண்டிப்போன காட்டுப் பேரிக்காய் மரத்தைக்கூட அவர் தொடவில்லை. அங்கே நின்று பாறையைப் பார்த்துத் திரும்பினார். நாற்பதாவது தப்படி ஒரு மாதுளைப் புதருக்குள் முடிந்தது.

"இங்க."

கிறிஸ்தாக் புதரை வெட்டித் தள்ளினான். வெறிபிடித்த மாதிரி தோண்டினோம், மண்வெட்டி கிடைக்காதவர்கள் கையால் அள்ளினார்கள். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை ணங்கென்றது. அந்தச் சத்தம் முள்ளின் சத்தம் இல்லை!

"மணி! மணிடீ!" கலியோப்பி என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். கயிறு போட்டு இழுத்து, பேரிக்காய் மரக் கிளையில் தொங்கவிட்டோம். வயிற்றிலிருந்த மண்ணை நான் விரல்விட்டுத் தோண்டி எடுத்தேன். சிரித்தேன், அழுதேன், பச்சை பிடித்த அந்த வெண்கலத்தை முத்தமிட்டேன். சாயக் கை மண்கையாயிற்று. என் வாழ்நாளில் அப்படியொரு சந்தோஷம் கண்டதில்லை.

கையைத் துடைக்கத் திரும்பியபோது ஈர மண்ணில் அவர் நடந்த தடம் தெரிந்தது. ஒரு முழுப் பாதம், பக்கத்தில் ஒரு கோடு. ஒரு முழுப் பாதம், ஒரு கோடு. நூற்றுப்பத்து முறை. அந்தக் காலுக்குத்தான் தேனீயின் கணக்குச் சரியாக வந்தது. கலியோப்பியும் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா," என்றேன். குரல் எனதாகவே இல்லை. "தெரிஞ்சுதான் நடந்தீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"ஏன் எழுதினீங்க?"

"என் அண்ணன் எல்லையத் தாண்டி ஓடிட்டான். எழுதலேன்னா வீட்டோட தண்டனை முகாமுக்குன்னாங்க."

"போலீஸ் தோண்டினப்போ நீங்களும் இருந்தீங்களே?"

"அந்த அதிகாரி நெட்டக் காலன். நீங்க போன தூரம் போய் நின்னு, இங்கதானேன்னான். ஆமான்னேன்."

"அப்பாவ அடிச்சாங்க."

"ஆமா."

"அதுக்கப்பறம் ரொட்டி கொண்டுவந்தீங்க. நாங்க தின்னோம்."

கிறிஸ்தாக் கடப்பாரையோடு ஓரடி முன்னால் வந்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். அந்தக் கிழட்டு முகத்தில் அறைய வேண்டும் என்று எனக்கும் இருந்தது. ஆனால் அவர் மதிலிலேயே உட்கார்ந்திருந்தால் எங்களுக்கு மணியும் கிடைத்திருக்காது, தேனீ யாரென்றும் தெரிந்திருக்காது. அது அவருக்கும் தெரியும்.

நாலாவது தாளை நீட்டினேன்.

"படிங்க. எல்லாருக்கும் கேக்கணும். அப்பறம்தான் மணி."

"கண்ணாடி எடுத்துட்டு வரட்டுமாண்ணே?" என்றாள் கலியோப்பி பழக்கதோஷத்தில்.

அவர் தாளை வாங்கவே இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். "கோயில் வாசற்படியிலிருந்து ஊற்றை நோக்கி எழுபது தப்படி..." நான் தாளில் விரல்வைத்துக்கொண்டே வந்தேன். ஐம்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வார்த்தை மாறவில்லை.

"...கையெழுத்து, தேனீ."

"பேரச் சொல்லுங்க."

அவர் உதடு இரண்டு முறை அசைந்தது.

"லிகோர்," என்றார். பிறகு, பாறைவரை கேட்கிற மாதிரி, "லிகோர்!"

நான் கடப்பாரையைத் தம்பியிடமிருந்து பிடுங்கி மணியை ஓங்கி அடித்தேன்.