புடலைப் பந்தல் வரைக்கும்

1

இந்தக் கதையில் பாதி என் காதில் விழுந்தது. 1981-இல் மந்தாரக்குப்பம் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். டிரம், புடலை, ஸ்கூட்டர். இந்த மூன்று சொற்கள்தான் எனக்குக் கிடைத்தன. அதற்குள் நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. இறங்கியிருக்கக் கூடாது. மீதியை இப்போது நானே எழுத வேண்டியிருக்கிறது.

2

முதல் வரி: நெய்வேலியில் மழை ஒரு மௌனமான…

(வேண்டாம். தகரச் சாய்ப்பில் மழை விழும்போது மௌனமாவது!)

சந்திரகலாவுக்குக் கை உடைந்தது. இது நேராக இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

தண்ணீர் வாளியோடு வழுக்கி விழுந்ததில் உடைந்த கை. மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. ஆனால் வாளி தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குவார்ட்டர்ஸின் பின்பக்கம் அவள் போட்ட புடலைப் பந்தல் அப்போதுதான் பூவெடுத்திருந்தது. கணவன் மருதாசலம் மைன்ஸில் ஃபிட்டர், ஸ்கூட்டர் வாங்கப் பணம் கட்டிப் பதிந்திருந்தான். வண்டிக்குக் கொட்டகை போட அந்த இடம்தான் தோது.

"இந்தக் கையோட எப்படித் தண்ணி ஊத்துவே? ஞாயித்துக்கிழமை பந்தலைப் பிரிச்சுப் போடலாம் கலா."

"நானே தண்ணி உட்டுக் காட்டிட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"கொட்டாயே வேண்டாம். வண்டி நனையட்டும்."

[மருதாசலத்தை முதலில் கொடுமைக்காரனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் மறுபடி வாளியைத் தூக்கிவிடுவாளோ என்ற பயம்தான் அவனுக்கு.]

3

கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு பழைய எண்ணெய் டிரம் தரையில் நின்றது. அடியில் குழாய், குழாயில் ரப்பர் டியூப். தண்ணீர் டியூபுக்குள் பாதி தூரம் போகும். பந்தலுக்கு முன்னால் இருக்கும் மேட்டில் ஏறாமல் நின்றுவிடும்.

பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி, குறிஞ்சிப்பாடிக்காரி, பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டிரம்மு தரையில குந்திகினு இருந்தா தண்ணி எப்படிங்க மேடு ஏறும்? தூக்கி வெப்பம்."

டிரம்மைக் காலிசெய்து அவள் ஓரமாக உருட்டினாள். சந்திரகலா நல்ல கையால் ஒவ்வொரு செங்கல்லாக எடுத்துக் கொடுத்தாள். அடுக்கி, ஆட்டிப் பார்த்து, டிரம்மை மேலே ஏற்றினார்கள். சனிக்கிழமை மழை அதை நிரப்பியது. கொசு இறங்காமலிருக்கச் சந்திரகலா மூடியை இறுக்கித் திருகினாள்.

4

ஞாயிறு காலை குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் மேடு ஏறியது! இருவரும் கூவினார்கள். கூவி முடிப்பதற்குள் அது மெலிந்து, நூலாகி, சொட்டாகி, நின்றுபோனது.

டியூபில் மடிப்பு இல்லை. ஊதிப் பார்த்தாள் புஷ்பவல்லி, அடைப்பும் இல்லை. சந்திரகலா டியூபின் நுனியைப் பிடித்தபடி பந்தலடியில் உட்கார்ந்துவிட்டாள். தலைக்கு மேல் அத்தனை பூ.

(தண்ணீரோடு என் பேனாவும் நின்றது. ஒரு பிரதியில் மருதாசலம் வந்து சரிசெய்தான். அதைக் கிழித்தேன். தோட்டம் அவளுடையது.)

"புஷ்பா, எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை போட்டா ஊத்துமா?"

"எங்க ஊத்தும்? காத்து போவ இன்னொரு ஓட்டை போட்டாதான்…"

இருவரும் ஒரே சமயத்தில் டிரம்மின் மூடியைப் பார்த்தார்கள்.

புஷ்பவல்லி முக்காலியில் ஏறித் திருகினாள். டிரம் பெருமூச்சு விட்டது. நுனியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த சந்திரகலாவின் முகத்திலேயே தண்ணீர் அடித்தது. திடுக்கிட்டு டியூபைத் திருப்பினாள். அங்கே, பந்தலைப் பிரிக்கக் கடப்பாரையோடு வந்துகொண்டிருந்தான் மருதாசலம்.

தலைமுதல் கால்வரை நனைந்து நின்றவன் முதலில் மேட்டைப் பார்த்தான். பிறகு செங்கல்லை. பிறகு அவளை.

"அடேயப்பா! எங்க மைன்ஸ் பம்பே தோத்துப்போகும் போல இருக்குதே!"

கடப்பாரையைப் போட்டுவிட்டுச் சிரித்தான்.

5

முடிவுகள் சில வைத்திருந்தேன். ஸ்கூட்டர் மழையில் நனைவது ஒன்று. அவன் சொன்ன சொல்லை மறந்து, அவள் ஞாபகப்படுத்துவது இன்னொன்று. மூன்றாவதில் புடலங்காய் நீண்டு ஸ்கூட்டரின்…

எதுவும் சரியில்லை. அவர்களையே கேட்டுவிடலாம் என்று கதைக்குள்ளே தலையை நீட்டினேன்.

"ஏனுங்க, அந்த ஓரம் காஞ்சு கெடக்குது, அங்கயும் காட்டுங்க" என்கிறாள் சந்திரகலா. டியூப் இப்போது மருதாசலத்தின் கையில். புஷ்பவல்லி தன் வீட்டுக் கொத்தமல்லித் தொட்டிகளை ஒவ்வொன்றாக வேலிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறாள். என்னிடம் பேச யாருக்கும் நேரமில்லை.

முடிவு வேண்டுபவர்கள் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுத் துணி எடுத்துப்போவது நல்லது.