இருபத்துநான்கு வளையங்கள்

பதினாறு நாட்களில் நான்கு கோர்ட்டுகள். வக்கீல் பிரூவிட் குதிரையிலிருந்து இறங்கியபோது முழங்கால்கள் உடனே நிமிரவில்லை. கென்டக்கியில் நிலவழக்கு நடத்துகிறவருக்குப் பாதி வேலை சேணத்தின் மேல்தான். சத்திரத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் மெர்சரோடு ஒரே கட்டிலில் படுத்து, அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டே விடிந்திருந்தது.

இன்று மரத்தை வெட்டிப் பார்க்கும் நாள். பிரூவிட்டின் கட்சிக்காரன் ஈனாக் டார்ப்லியின் நிலத்துக்கு எல்லை, ஊற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் வெள்ளை ஓக் மரம். 1780-இல் தன் அப்பா அதன் பட்டையைச் செதுக்கிக் குறி வைத்தார் என்பது அவன் வழக்கு. எதிராளியின் பத்திரம் 1784-இல் பதிவானது; எது முந்தியதோ நிலம் அதற்கு. செதுக்கிய காயத்தை மூடிக்கொண்டு மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் வளரும். இது 1811. காயத்துக்கு மேல் முப்பத்தொரு வளையம் இருந்தால் வீடு, ஊற்று, சோளக்கொல்லை எல்லாம் டார்ப்லிக்கு. இல்லாவிட்டால் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

மெர்சரும் கோர்ட் அனுப்பிய சர்வேயரும் குதிரைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டார்ப்லி கோடரியோடு வந்து பிரூவிட்டை ஓரமாக அழைத்துப் போனான்.

“வக்கீலய்யா, இந்த மரத்துல அப்பா குறி வைக்கல. அவரு வச்ச மரம் எண்பத்தேழுல காத்துல சாஞ்சிடுச்சு. இதோ, இங்கேருந்து நாலு தப்படிதான். அப்பாவும் போய்ச் சேந்துட்டாரு. அடையாளம் வேணுமேன்னு நாந்தான் இதுல செதுக்கினேன்.”

“இத ஏன்யா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“நீங்க கேக்கலியே. குறி இருக்கற மரம் இதுதானான்னீங்க. இதுதானே.”

 மார்ச் மாதம் டார்ப்லியின் வாக்குமூலத்தை எழுதியது பிரூவிட்தான். முந்தின நாளே பதினோரு கேள்விகளைத் தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். மரம் ஏதாவது விழுந்ததா என்பது அதில் இல்லை. ‘இதே மரத்தில் என் தந்தை 1780-இல் குறி வைத்தார்’ என்ற வாக்கியம் அவருடையது. எழுத்தறியாத டார்ப்லி அதன் கீழே ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தான். படித்துக் காட்டினாரா? காட்டியதாகத்தான் நினைவு. மழைக்கு முன் ஆற்றைக் கடக்கும் அவசரத்தில் பாதியை விழுங்கியிருப்பார். அன்று சரியாகக் கேட்டிருந்தால், மரம் விழுந்ததைப் பார்த்த அக்கம்பக்கத்தாரைச் சாட்சி போட்டிருக்கலாம். இப்போது சொன்னால், கோடரியைக் கண்டதும் ஜோடித்த கதை என்பார்கள்.

மெர்சர் கூப்பிட்டுவிட்டார். டார்ப்லி வேறு வழியில்லாமல் வெட்டினான். குறி இருந்த இடம் ஒரு கட்டையாகக் கழன்று வந்தது.

“நீங்களே எண்ணுங்க, பிரூவிட்,” என்றார் மெர்சர். “எனக்குக் கண்ணு சரியில்ல. பத்து வருஷமா உங்ககூட ஒரே போர்வைய இழுத்துக்கிட்டுக் கிடக்கறேன். இதுக்குக்கூட நம்பலேன்னா எப்படி?”

சர்வேயர் சிரித்துக்கொண்டே பேனாவை மையில் தொட்டார். அவருக்குப் பசி.

பிரூவிட் சட்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, வளையம் வளையமாகத் தொட்டு எண்ணினார். இருபத்துநான்கு. வெளிப்பக்கத்திலிருந்து மறுபடி எண்ணினார். அதேதான். டார்ப்லி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தொன்று என்று சொன்னால் யாரும் சரிபார்க்கப் போவதில்லை. நிலமும் நியாயமாக அவனுடையதுதான். ஆனால் ஒரு பொய்யை அக்டோபர் விசாரணை வரை நினைவில் சுமக்க வேண்டும். தன்னைத் தடுத்தது நேர்மையா, வெறும் அலுப்பா என்று அவருக்கே பிடிபடவில்லை.

“இருபத்துநாலு,” என்றார்.

டார்ப்லி கோடரியைக் கீழே போட்டான். சர்வேயர் எழுதிக்கொண்டார்.

பிரூவிட் இன்னொன்றும் எழுதச் சொன்னார். பழைய மரம் விழுந்ததையும், டார்ப்லி இந்த மரத்தில் குறி வைத்ததையும் சொல்லி, வாக்குமூலத்தில் இருந்த அந்த வாக்கியம் டார்ப்லியின் வாயிலிருந்து வந்ததல்ல, தான் சொந்தமாக எழுதியது, இதற்குத் தானே சாட்சி என்றார்.

மெர்சர் சர்வேயரின் பேனாவைக் கையால் தடுத்தார்.

“யோசிச்சுக்குங்க. சாட்சியாயிட்டா நீங்க அவனுக்கு வக்கீலா நிக்க முடியாது. சொந்தக் கட்சிக்காரன் தலையில மண்ணப் போட்ட வக்கீல்னு நாலு கோர்ட்லயும் பேசுவாங்க. முதல்ல நானே பேசுவேன்.”

“தெரியும். எழுதச் சொல்லுங்க.”

மரத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு டார்ப்லி வீட்டில்தான் மதியச் சாப்பாடு. டார்ப்லியின் மனைவி கெசயா சோள ரொட்டியும் உப்புப் பன்றிக்கறியும் மேஜையில் வைத்திருந்தாள். நடந்ததை டார்ப்லி நாலே வார்த்தையில் சொன்னான். அவள் ரொட்டித் தட்டை எடுத்தாள். மெர்சருக்குப் பரிமாறினாள், சர்வேயருக்குப் பரிமாறினாள், பிரூவிட்டிடம் வந்ததும் நின்றாள்.

“நெலம் போயிடுச்சாங்க?”

“இன்னும் போகலம்மா. மரம் விழுந்தத அக்கம்பக்கத்துல பார்த்தவங்க வந்து சொல்லணும். நீதிபதி நம்பணும்.”

“அங்க எங்களுக்காக யாரு பேசுவாங்க?”

பிரூவிட் தனக்குத் தெரிந்த வக்கீல்களை மனதுக்குள் ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒருவர் குடிகாரர். இன்னொருவர் எதிராளிக்கு உறவு. மிஞ்சியவர் ஹார்ட்வெல், இருப்பது நாற்பது மைல் தள்ளி.

“ஹார்ட்வெல்னு ஒருத்தர் இருக்கார். நான் போய்ச் சொல்லி, ஒத்துக்க வைக்கறேன்.”

“எப்போ?”

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழப் பார்த்தார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

“உக்காருங்க,” என்றாள் கெசயா. தட்டில் ரொட்டியை வைத்தாள். “குதிரையும் கொஞ்சம் திங்கட்டும். அதுக்கப்புறம் கெளம்புங்க.”