கன்னையா ஊற்றிய ஆயில்

ஆயில் அழுத்தம் காட்டுகிற பிரஷர் கேஜ் வந்த அன்றைக்கே கன்னையாவுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. பின்னே? பட்டறைக்கு ஒரு காற்றாடி வேண்டும் என்று மூன்று வருஷம் நச்சரித்து வாங்கியவர் அவர். கரூரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து எட்டு மாசம்கூட ஆகாத திருமுருகன், "அக்கா, பழைய ஓட்டோ கியர்பாக்ஸ் பாக்கணும்னா ஒரு கேஜ் வேணும்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பஞ்சவர்ணம் அக்கா வாங்கிக் கையில் கொடுத்துவிட்டார். கிள்ளானில் அந்த லோரிப் பட்டறையை நடத்துகிறவர் அக்காதான். அங்கே பத்தொன்பது வருஷமாய் மாடாய் உழைக்கிறவர் கன்னையா.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெலுக் பங்லிமா காராங்கில் அக்கா இன்னொரு பட்டறை திறக்கப் போகிறார். அதற்கு யார் பொறுப்பு என்பது இந்த வாரம் முடிவாகும். 'எனக்குத்தான்' என்று கன்னையா வீட்டில் சொல்லிவிட்டார். மனைவி மலர் அதைச் செராஸில் இருக்கும் தங்கை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள். இனி அது கைவிட்டுப் போனால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இந்த நேரம் பார்த்து வாடிக்கைக்காரர் அய்யாவுவின் குப்பை அள்ளும் லோரி திரும்பி வந்தது. கியர் தானாக மாறுகிற பழைய ஓட்டோ லோரி. போன வாரம்தான் சர்வீஸ் முடிந்து போனது.

"என்னண்ணே சர்வீஸ் பண்ணீங்க? ஷா ஆலம் மேடு ஏறுறதுக்குள்ள டெம்பரேச்சர் முள்ளு செவப்புக்குப் போயிருது. கியர் வேற வழுக்குது லா!" இறங்கும்போதே அய்யாவு கத்தினார்.

கன்னையா வாயைத் திறப்பதற்குள் அக்கா, "தம்பி, நீ பாரு" என்றார்.

தம்பியாம்! கன்னையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருமுருகன் கேஜை மாட்டினான். கியர்பாக்ஸ் குளிர்ந்திருக்கும்போது பிரஷர் சரியாக இருந்தது. லோரியை ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு வந்தால் முள் நடுங்கி நடுங்கிக் கீழே இறங்கியது.

"அண்ணே, ஆயில் அளவு பாத்தாச்சா?" மரியாதையாகத்தான் கேட்டான்.

"சர்வீஸ்ல நான்தான் பாத்து ஊத்தினேன். ஆயில் பாக்க நீ எனக்குச் சொல்லித் தரியா?"

"ஐயோ, இல்லண்ணே. நீங்க பாத்திருந்தா சரியாத்தான் இருக்கும். அப்ப ஆயில் பம்ப்தான் போயிருக்கணும்." அளவு பார்க்கிற ஆயில் குச்சியைத் தொடக்கூட இல்லை. அக்காவிடம் சொல்ல ஆபீசுக்குள் போய்விட்டான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கன்னையா சும்மா இருக்க மாட்டாமல் குச்சியை உருவிப் பார்த்தார். மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அளவுக்கு ஆயில் நின்றது. குச்சி முழுக்க நுரை.

போன வார சர்வீஸ் அவருக்கு நினைவு வந்தது. சாதாரண லோரிகளுக்குச் செய்கிற பழக்கத்தில், காலையில் குளிர்ந்து கிடந்த கியர்பாக்ஸில் மேல்கோடு வரை ஊற்றியிருந்தார். ஓட்டோவுக்கு அந்தக் கோடு சூடான பிறகு பார்ப்பதற்கு. சூடேறினால் ஆயில் பெருகும், உள்ளே சுற்றுகிற பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரையை இழுக்கிற பம்பில் பிரஷர் எப்படி நிற்கும்? சூடு எப்படித் தணியும்?

இரண்டு லிட்டரை இறக்கிவிட்டால் போதும், லோரி சரியாகிவிடும். ஆபீஸ் பக்கம் திரும்பினார். உள்ளே அக்கா தன் கையாலேயே திருமுருகனுக்கு ஒரு கிளாஸ் தே தாரேக் டீயை நகர்த்திக்கொண்டிருந்தார்.

கன்னையா குச்சியைத் துடைத்து மறுபடி செருகினார். கழட்டட்டும். பம்பை மாற்றிவிட்டு, ஒன்றும் சரியாகாமல் எல்லார் முன்னாலும் முழிக்கட்டும்.

மறுநாள் திருமுருகன் கியர்பாக்ஸை இறக்குவதற்காக அடியிலிருந்த போல்ட்டைத் திருகினான். பழைய ஆயில் முழுதும் தொட்டியில் கொட்டியது. அப்போதுதான் கன்னையாவுக்கு உறைத்தது. அடப் பாவி! பொறாமையில் இது தோன்றவே இல்லையே! இனி ஊற்றப்போவது புது ஆயில். ஊற்றப்போகிறவன் அவன்.

பழைய பம்பில் கீறல் இருந்தது. இத்தனை வருஷம் ஓடிய பம்பில் கீறல் இல்லாமலா இருக்கும்? புது பம்பைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, சூடான பிறகு அளவு பார்த்துப் பார்த்து ஆயில் ஊற்றினான். அய்யாவு ஷா ஆலம் வரை போய்விட்டு வந்து இறங்கினார்.

"தங்கக் கை லா இவனுக்கு! முள்ளு அசையவே இல்ல!"

அக்கா முகமெல்லாம் சிரிப்பு. பிறகு கன்னையாவைப் பார்த்தார்.

"கன்னையா, நீதான் இங்க சீனியர். நீ ஒரு வார்த்தை சொன்னாத்தான் எனக்கு நிம்மதி. தம்பி கண்டுபிடிச்சது சரிதானே? புதுப் பட்டறைய நம்பிக் குடுக்கலாமா?"

திருமுருகன் பயந்த முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம். பம்ப் இல்லை, ஆயில் என்று. அதை ஊற்றியது யார் என்று அக்கா கேட்பார். எப்போது தெரிந்தது என்றும் கேட்பார்.

"ஆமாக்கா," என்றார் கன்னையா. "பம்ப்தான்."